குளத்தில் இறங்காத பிள்ளையும் "நல்ல முடி"யும்

மல்லிகைப்பந்தல் (அட்லாண்டா) | ஞாயிறு, இரவு 10.40

போன சனிக்கிழமை மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். குடியிருப்பிலேயே நீச்சல் குளம் இருப்பதால் அதன் கரையிலேயே கேக் வெட்டினோம். பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பதினொரு பேர் தண்ணீருக்குள். ஒருத்தி மட்டும் கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, மற்றவர்கள் தண்ணீரை வாரி இறைக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை. என் மகளுக்கு உயிர்த்தோழி. நன்றாக நீந்தத் தெரிந்தவள்.

ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். "நேத்துதான் முடி செஞ்சோம். திங்கட்கிழமை ஸ்கூல்ல போட்டோ." நானும் அசட்டுத்தனமாக, "அதனால என்ன, இந்த வெயிலுக்கு அரை மணியில காஞ்சிடுமே" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இவளுக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்கிற அலுப்புதான்.

அப்புறம் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைக்கு ஊற்றி, உலர்த்தி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, அடுப்புச் சூட்டில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் இழுத்து இழுத்து நேராக்க மூன்றரை மணி நேரம் ஆனதாம். ஒரு குடம் தண்ணீர் பட்டால் போதும், பத்து நிமிடத்தில் எல்லாம் சுருண்டு பழையபடி ஆகிவிடும். பிள்ளையின் காதுமடல் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு சூட்டுத் தழும்பு. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். கேக் சாப்பிடும்போது அந்தப் பிள்ளை என் மகளின் ஈரப் பின்னலைக் கையில் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்துகொண்டே, "உனக்கு நல்ல முடி" என்றாள். அவளுடைய அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "எங்க வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. எங்கே பிடிச்சாளோ தெரியலை."

அந்த வார்த்தைக்கு அவர்களிடம் தனி அர்த்தம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. நேராக, நீளமாக, வெள்ளைக்காரர் முடிக்குப் பக்கத்தில் வருகிற முடிதான் "நல்ல முடி". அப்படியென்றால் மற்றது என்ன? எட்டு வயதிலேயே அந்தக் கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே இருப்பவர்கள், இந்த விஷயம் தெரிந்தவர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்.

———

நெல்லைச்சீமை | ஞாயிறு, இரவு 11.25

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் சகோதரி. இது எந்த ஊரில் இல்லை? நம் ஊர் கல்யாண விளம்பரத்தில் "சிவந்த நிறம்" இல்லாத ஞாயிறு உண்டா? நம் பெண்களும்தான் பார்லருக்குப் போய் ஸ்ட்ரெயிட்டனிங் செய்கிறார்கள். பெற்றவர்கள் தன்னம்பிக்கை சொல்லி வளர்த்தால் பிள்ளை சரியாக வளரும். இதற்கெல்லாம் இனப்பிரச்சினை சாயம் பூச வேண்டுமா?

———

வேதியியல் வாத்தியார் | திங்கள், காலை 6.10

"நம் பெண்களும் செய்கிறார்களே" என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

ஆப்பிரிக்க வம்சாவளி முடியின் வேர்ப்பையே வளைந்திருக்கும். முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிவரை போய்ச் சேராது. அதனால் சீக்கிரம் வறண்டு, வளைவு உள்ள இடத்தில் முறியும். இதில் குறை ஒன்றும் கிடையாது, அதற்கேற்ற பக்குவம் வேண்டும், அவ்வளவுதான். சீப்பு, ஷாம்பு, பார்லர் பயிற்சி எல்லாமே நேர்முடியை மனதில் வைத்து உருவானவை. அதனால்தான் அது "அடங்காத முடி" என்று பெயர் எடுத்தது.

அதை நிரந்தரமாக நேராக்கும் களிம்புக்கு ரிலாக்சர் என்று பெயர். பழைய வகையில் இருக்கும் சரக்கு சோடியம் ஹைட்ராக்சைடு. நம் ஊர்ப் பாஷையில் காஸ்டிக் சோடா, அடைத்த குழாயில் ஊற்றுகிறோமே, அதுதான். இன்னொரு வகையில் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் உப்பும் சேர்ப்பார்கள். இரண்டுமே கடுமையான காரம். முடிப் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்பை உடைத்து நேராக்கும். கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்துவிட்டால் மண்டைத்தோல் வெந்து பொருக்குத் தட்டும். வேரில் புதிதாக முளைப்பது சுருளாகத்தான் வரும் என்பதால் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும். நிறுத்த முடியாமல் தொடர்வதால் அந்தப் பெண்களே இதை ஒரு போதைப்பொருளின் பெயரால் கேலி செய்வார்கள்.

இனி சீரியஸான செய்தி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் "சிஸ்டர் ஸ்டடி" ஆய்வு முடிவு ஒன்று 2022 அக்டோபரில் வந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்தது. முடி நேராக்கும் பொருள்களைத் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் அந்த நோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம். முந்தைய ஓராண்டில் அவற்றைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். இது ஒரு தொடர்பைக் காட்டுகிறது, "இதனால்தான் அது" என்று நிரூபித்துவிடவில்லை. இருந்தாலும் பத்து வயதில் ஆரம்பித்து நாற்பது வருடம் போட்டுக்கொள்கிறவரையும், கல்யாணத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்ணையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

———

ஹூஸ்டன் குமரன் | திங்கள், காலை 8.02

நெல்லைச்சீமை அண்ணாச்சி, தன்னம்பிக்கை சொல்லி வளர்க்கலாம்தான். வேலைக்குப் போகிற இடத்தில் என்ன செய்வது?

2010இல் அலபாமா மாநிலம் மொபைல் நகரில் சேஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவருடையது சடைத்திரி முடி. நம் சாமியார் சடை மாதிரி தானாக முறுக்கிக்கொள்வது, ஆனால் சுத்தமாகப் பராமரித்தது. அதை வெட்டினால் வேலை, இல்லையென்றால் இல்லை என்றார்கள். வெட்ட மறுத்தார். வேலை போனது. அரசின் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையமே அவர் சார்பில் வழக்கு நடத்தியது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தோல் நிறத்தை மாற்ற முடியாது, சிகையலங்காரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆகவே இது இனப் பாகுபாடு ஆகாது என்பது வாதம். 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைக் கையிலெடுக்கவில்லை.

இதற்கு முப்பத்தைந்து வருடம் முந்திய கதையும் உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்த ரெனே ராஜர்ஸ், வரிவரியாகப் பின்னிய முடியோடு வேலைக்கு வரும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார். 1981இல் தோற்றார். ஒரு வெள்ளைக்கார நடிகை சினிமாவில் அந்தப் பின்னலோடு வந்து அது பிரபலமான பிறகுதான் இவரும் பின்னிக்கொண்டார் என்றுகூடத் தீர்ப்பில் பேச்சு வந்தது. பாட்டி காலத்துப் பின்னலுக்கு ஹாலிவுட் சான்றிதழ்!

கலிபோர்னியாதான் 2019இல் முதன்முதலாக, இனத்தோடு சேர்ந்த முடியமைப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. "கிரவுன்" சட்டம் என்பார்கள். எங்கள் டெக்சாஸில் 2023இல் வந்தது. நாடு முழுவதுக்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் தேங்கிவிட்டது.

என் பழைய அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கறுப்பினப் பெண், படு கெட்டிக்காரர். பதவி உயர்வு நேர்காணலுக்கு முந்தின வாரம், இரண்டு மாதம் வைத்திருந்த பின்னலை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவிழ்த்தார். "திறமையைப் பற்றிப் பேசப் போகிறேன். என் தலையைப் பற்றி அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது" என்றார். தன்னம்பிக்கை இல்லாதவர் பேசுகிற பேச்சா இது?

———

நெல்லைச்சீமை | திங்கள், காலை 9.47

சரி, வழக்கு விஷயம் எனக்குத் தெரியாதது. நிறுவனம் என்றால் ஒரு ஒழுங்கு இருக்கும்தானே என்று கேட்க நினைத்தேன், வாத்தியார் சொன்னதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் சட்டம் போட்டு அழகுணர்ச்சியை மாற்ற முடியாது என்பதில் நான் மாறவில்லை.

———

ஜோபர்க் தமிழன் | திங்கள், மதியம் 1.30

அழகுணர்ச்சியே சட்டம் போட்டு உண்டாக்கியதுதான் ஐயா. நான் இருக்கும் நாட்டுக் கதையைக் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1950இல் மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் எந்த இனம் என்று அரசாங்கம் எழுதி வைக்கும். பார்த்ததும் சொல்ல முடியாதவர்களுக்குப் பென்சில் சோதனை. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகுவார்கள். நழுவி விழுந்தால் ஒரு வாழ்க்கை, நின்றுவிட்டால் வேறொரு வாழ்க்கை. எந்தத் தெருவில் வீடு, எந்தப் பள்ளி, யாரைக் கட்டிக்கொள்ளலாம், எல்லாம் அதில் அடக்கம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு இனமாகப் பதிவான கொடுமையும் நடந்தது. அப்படி வாழ்ந்த பாட்டி, பேத்தியின் முடியை நேராக்கத் துடித்தால் அதை வெறும் மோகம் என்பீர்களா?

நிறவெறி ஆட்சி 1994இல் போனது. ஆனால் 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் மறியல் செய்தார்கள். இயற்கையாக வளர்ந்த ஆஃப்ரோ முடியைச் சரிசெய்துவிட்டு வா என்று ஆசிரியர்கள் விரட்டுகிறார்கள் என்பதுதான் புகார். முன்னால் நின்ற மாணவிக்கு வயது 13. 2020 செப்டம்பரில் இங்குள்ள பெரிய மருந்துக்கடைத் தொடரின் இணையதளத்தில் ஒரு ஷாம்பு விளம்பரம் வந்தது. கறுப்பினப் பெண்ணின் முடிக்குக் கீழே வறண்டது, சேதமானது, பொலிவற்றது. வெள்ளைக்காரப் பெண்ணின் முடிக்குக் கீழே "நார்மல்". கடைகளை மூடும் அளவுக்குப் போராட்டம் வெடித்தது. எங்கள் தெருமுனைக் கிளையும் மூடிக் கிடந்தது.

நடுவில் ஒரு நல்ல சேதியும் உண்டு. எங்கள் ஊர் சோசிபினி டுன்சி 2019 டிசம்பரில் பிரபஞ்ச அழகி ஆனார். ஒட்ட வெட்டிய சொந்த முடி, சவுரி கிடையாது, விக் கிடையாது. என்னைப் போன்ற நிறமும் முடியும் கொண்டவளை யாரும் அழகி என்று எண்ணாத உலகத்தில் வளர்ந்தேன் என்று மேடையிலேயே சொன்னார். போட்டி நடந்தது மல்லிகைப்பந்தல் அக்காவின் அட்லாண்டாவில்தான்.

———

பழனிப்படி | திங்கள், மாலை 5.15

சவுரி என்று பேச்சு வந்ததால் தலையை நீட்டுகிறேன். பதினாறு வருடம் முடி ஏற்றுமதியில் இருந்தவன்.

திருமலையிலும் பழனியிலும் நாம் இறக்கும் முடி மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வரும். நீள வாரியாகத் தரம் பிரிப்பார்கள். மொட்டையில் எடுப்பதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று சீராக இருக்கும். அதற்கு "ரெமி" என்று பெயர், விலையும் அதிகம். வீதியில் வந்து வீட்டுச் சீப்பு முடியை வாங்கிப் பாத்திரமோ ஊக்கோ கொடுத்துப் போவார்களே, அது இரண்டாம் தரம். சிக்கெடுத்து, அமிலத்தில் கழுவி, தைத்து, சீனா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று போகும். அங்கே கடைக்கு வரும்போது "பிரேசில் முடி", "பெரு முடி" என்று அட்டையில் பெயர் மாறியிருக்கும். பெயரை நம்பாதீர்கள். பிரேசிலில் அத்தனை பேர் மொட்டை போடுவதில்லை.

அதை வாங்குகிறவர்களில் பெரும்பங்கு கறுப்பினப் பெண்கள். ஒரு நல்ல விக்கின் விலை அங்கே நூற்றுக்கணக்கான டாலர். சொந்த முடியை இறுக்கிப் பின்னி, அதன்மேல் நம் முடியைத் தைப்பார்கள். அதிகம் இறுக்கினால் நெற்றியோரத்து முடி வேரோடு போய்விடும். ஒருமுறை கண்காட்சியில் ஒரு அம்மா எங்கள் கடை முன் வந்து, கையில் முடிக்கற்றையை வைத்துக்கொண்டு, "இதைக் கொடுத்த பெண்ணுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். சாமிக்குக் கொடுத்தது, காசு கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்கள் அழகை விட்டுவிடுவதற்குக் கொடுக்கிறீர்கள், நாங்கள் அதையே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலையை மட்டும் பத்து டாலர் குறைத்துக் கொடுத்தேன்.

———

டொராண்டோ டீச்சர் | செவ்வாய், காலை 7.20

எட்டு வயதிலேயே எப்படி என்று மல்லிகைப்பந்தல் கேட்டிருந்தார். எட்டு தாமதம்தான்.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற அமெரிக்கக் கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் பொம்மைகளைக் காட்டிக் கேட்டார்கள். வெள்ளைப் பொம்மையும் பழுப்புப் பொம்மையும். நிறம், அப்புறம் தலைமுடியின் நிறம், இதைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. எது நல்ல பொம்மை? எது பார்க்க மோசம்? எதோடு விளையாடுவாய்? 253 கறுப்பினப் பிள்ளைகளில் 67 சதவீதம் பேர் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மைதான் மோசம் என்றார்கள். கடைசியாக ஒரு கேள்வி: உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு. மோசம் என்று காட்டிய அதே பொம்மையை எடுத்துத் தர வேண்டிய நிலை. சில பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்தே படித்த வடக்கு மாநிலப் பிள்ளைகள், தனிப் பள்ளியில் படித்த தெற்குப் பிள்ளைகளைவிடச் சற்று அதிகமாகவே வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற 1954 தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. ஆனால் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் மட்டும் இது போய்விடாது என்பதை அந்த எண்களே காட்டிவிட்டன. என் வகுப்பில் க்ரேயான் டப்பாவில் ஒரு வண்ணத்தைப் பிள்ளைகள் இன்னும் "தோல் கலர்" என்றுதான் கேட்கிறார்கள். யாருடைய தோல் என்று நான் கேட்டால் முழிக்கிறார்கள். அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது.

———

கருவாச்சி | செவ்வாய், மதியம் 12.05

எல்லாம் சரி. ஆனால் இழை போகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. "ஐயோ பாவம்" வாடை அடிக்கிறது.

என் மேலாளர் கறுப்பினப் பெண். திங்கட்கிழமை இடுப்பு வரை பின்னல், அடுத்த மாதம் செம்பட்டை நிறத்தில் குட்டை விக், அதற்கடுத்து மொட்டை. அவருக்கு அது கொண்டாட்டம். விக் வைத்தவர் எல்லாம் தன்னை வெறுப்பவர் என்று நாம் தீர்ப்பு எழுதினால், அதுவும் அவர் தலையில் இன்னொருவர் கை வைப்பதுதான்.

வரலாறும் ஒரே அழுகை கிடையாது. 1786இல் லூசியானா ஆளுநர் மிரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்கள் அலங்காரமாக வெளியே வரக் கூடாது, முடியைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தப் பெண்கள் கண்ணைப் பறிக்கும் துணியை விதவிதமாகக் கட்டி அதையே நாகரிகம் ஆக்கிவிட்டார்கள். 1962 ஜனவரியில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுத்த நிறமும் இயற்கை முடியும் கொண்ட பெண்களை மட்டும் வைத்து அழகு நிகழ்ச்சி நடத்தினார்கள். "கறுப்பே அழகு" என்ற முழக்கம் பெருகியது அந்த வழியில்தான்.

மேடம் சி. ஜே. வாக்கரையும் யாரும் சொல்லவில்லை. 1867இல் பருத்தித் தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் அனாதையாகி, துணி வெளுத்துப் பிழைத்தவர். தன் முடி கொட்டியதில் ஆரம்பித்து முடித் தைலம் செய்து பெரும் பணக்காரர் ஆனார். சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் என்பார்கள், அது பொய். அவர் கண்டுபிடிக்கவில்லை, தன் முறையில் சேர்த்துக்கொண்டார். முடியை நேராக்குபவள் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காதாம், வளர்ப்பவள் என்றே சொல்லிக்கொண்டார். வீட்டு வேலையைத் தவிர வேறு கதியில்லாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவரால் சொந்தச் சம்பாத்தியம் வந்தது. இவரை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்? எனக்கே தெரியவில்லை.

என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் என்னைக் கூப்பிட்டதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனாலும் என் கதையையும் அவர்கள் கதையையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் வைத்துப் பின்னிப்போட்டதற்காக யாரும் என் வேலையைப் பறித்ததில்லை.

———

நெல்லைச்சீமை | செவ்வாய், இரவு 9.18

பென்சில் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அழகுணர்ச்சி பற்றி நான் சொன்னதை மறுபடி யோசிக்கிறேன். இத்தனைக்கும் நான் முதலில் குறிப்பிட்டது போன்ற ஒரு விளம்பரத்தை என் தங்கைக்காக எழுதிக் கொடுத்தவனே நான்தான். "சிவந்த நிறம்" என்று போட்டேன். அவள் மாநிறம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

———

மல்லிகைப்பந்தல் (அட்லாண்டா) | அடுத்த ஞாயிறு, இரவு 9.50

அனைவருக்கும் நன்றி. கருவாச்சி சொன்னது சுரீர் என்று பட்டது. நானும் பரிதாபப்பட்டுத்தான் ஆரம்பித்திருந்தேன்.

இன்று எதிர்வீட்டம்மா கூப்பிட்டார். பள்ளிப் போட்டோ முடிந்துவிட்டது, கோடை விடுமுறைக்குப் பின்னல் போடப் போகிறோம், உன் மகளையும் அழைத்து வா என்றார். போனால் எங்கள் வீட்டுச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரியே இருந்தது. தரையில் தலையணை, அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் பிள்ளை, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஷியா வெண்ணெய், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், டிவியில் ஏதோ கார்ட்டூன். ஈரம் காயும் முன் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வேருக்குச் சிக்கெடுத்தார். நாம் மேலிருந்து இழுப்போமே, அப்படி இல்லை. வால் சீப்பின் நுனியால் கோடு கிழித்தார் பாருங்கள், வரப்பு மாதிரி அவ்வளவு நேர்த்தி. நான் உச்சி எடுத்தால் ஒருநாளும் நேராக வந்ததில்லை.

ஐந்து மணி நேரம். நடுவில் பிள்ளை இரண்டு தடவை தூங்கி விழுந்தாள். இந்தப் பின்னலோடு குளத்தில் இறங்கலாமாம், பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் போதுமாம். "அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாகக் குதிப்பேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டாள்.

நுனியில் மணி கோர்க்கும்போது என் மகளும் தனக்கு வேண்டும் என்று அடம்பிடித்தாள். சரி என்று அந்தப் பிள்ளையே இவள் முடியில் ஒரு சின்னப் பின்னல் போட்டு, நீலமும் மஞ்சளுமாக ஏழு மணி கோர்த்துவிட்டாள். இவள் எழுந்து நின்று தலையை ஆட்டியதும் பின்னல் அவிழ்ந்து ஏழும் சடசடவென்று தரையில் உருண்டன. மறுபடி கோர்த்தாள், மறுபடி விழுந்தது. "உன் முடி வழுக்குது, நிக்கவே மாட்டேங்குது" என்று அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. எதிர்வீட்டம்மாவும் நானும் சோபாவுக்கு அடியில் குனிந்து மணி பொறுக்கினோம். ஆறுதான் கிடைத்தது.